சுமைகூலி முக்கால் பணம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பொருளின் விலையைவிட அதைத் தூக்கிச் செல்லும் கூலி மிகுந்துவிட்டால், அந்தப் பொருளைச் சுமப்பது அறிவுடைமை ஆகுமா என்று கேட்கிறது அந்தப் பழமொழி. நியாயமான கேள்விதான். ஆனால் சுண்டைக்காய் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். மாற்றுக் கிடைக்காத ஒரு பொருளுக்கும் இந்தப் பழமொழி பொருந்துமா? சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கி நான்கு மாதங்கள் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கு இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. வெளிநாடு செல்பவர் தம் மோட்டார் சைக்கிளையும் கப்பலேற்றிக் கொண்டு போகலாமா, கூடாதா என்பதே அந்த வழக்கு.

சிரிக்க வேண்டாம் நண்பர்களே! அந்நாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும் போன நம் முன்னோர் ஒரு தகரப் பெட்டியோடு போனார்கள். பெட்டிக்குள் எது இருக்க வேண்டும், எது வீட்டில் தங்க வேண்டும் என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கும். பெட்டியின் அளவுதான் இன்று மாறியிருக்கிறது.

வழக்கின் பொருளை முதலில் அறிமுகம் செய்கிறேன். அது 1982ஆம் ஆண்டு தயாரான ஒரு புல்லட். என் தந்தையார் கோவில்பட்டியில் இருசக்கர வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவரின் பம்பு செட்டு அறையில் கோழி அடைகாக்கும் இடமாகக் கிடந்த அந்த வண்டியை 18,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். மேலும் 47,000 ரூபாய் செலவிட்டு, இரண்டு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்தார். அப்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் என் அக்காள். கையில் கிரீஸ் பட்டால் முகம் சுளிக்கும் நான் அல்ல. செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து அவள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அப்பா சாவியை அவள் கையில் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் இரவுப் பணிக்கும் பகற்பணிக்கும் அவள் அந்த வண்டியில்தான் போய் வந்தாள். டிகம்பிரஷன் நெம்பை அழுத்திக்கொண்டு, அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்து, நிதானமாக ஒரே உதையில் கிளப்புவாள். ஊரில் அவள் பெயர் ‘புல்லட்டு நர்சம்மா’.

அவளுக்கு இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தை மாதம் புறப்பட வேண்டும். விமானத்தில் அனுமதித்த எடை 46 கிலோ. புல்லட்டின் எடை ஏறக்குறைய 170 கிலோ. “அப்பா, வண்டியையும் எடுத்துட்டுப் போறேன்” என்று ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அக்காள் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. “தம்பிகிட்ட கேளு. அவன்தான் படிச்சவன். என்னென்ன செய்யணும்னு பாத்துச் சொல்லட்டும்” என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு வகுப்புக்குள் நுழைந்தவன் நான்தான் முதல். அப்பா எட்டாம் வகுப்பு. அம்மா ஐந்தாம் வகுப்பு. எனவே மின்கட்டண அறிவிப்பிலிருந்து வங்கிக் கடிதம்வரை ஆங்கிலத்தில் எழுதிய எந்தத் தாள் வந்தாலும் அது என்னிடம்தான் வரும். இயற்பியல் படிப்பவனுக்குக் கப்பல் சட்டம் தெரியுமா என்று கேட்பவர் யாரும் இல்லை. படித்தவன் என்றால் எல்லாம் படித்தவன்தான்! முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என் வகுப்பு நண்பர்கள் பலருக்கும் இது புதிதாக இராது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வண்டி கப்பலேறாவிட்டால் அது என் கைக்கு வரும். வழக்கில் ஆதாயம் உள்ளவனையே நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ‘அனுப்பக் கூடாது’ என்ற பத்தியை நான் எழுதுவது. ‘அனுப்பலாம்’ என்ற பத்தியை அக்காளே எழுதுவது. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்ப்பது என்று உடன்பாடு செய்துகொண்டோம்.

அக்காள் தன் பத்தியில் முதலில் எழுதியது வரலாறு. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில், 1901இல். 1955இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 350 சி.சி. புல்லட் உருவாகத் தொடங்கியது. காலப்போக்கில் தாய்வீடு நொடித்தது. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970 அளவில் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றுபோனது. ஆனால் திருவொற்றியூரில் அடுப்பு அணையவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது! “பொறந்த வீட்டுக்குப் பேத்தி போற மாதிரிதானடா இது” என்றாள் அக்காள். வரலாறு அவள் பக்கம் இருந்ததை நான் மறுக்கவில்லை.

சட்டமும் பெருமளவு அவள் பக்கமே இருந்தது. இங்கிலாந்திலும் சாலையில் இடப்பக்கம்தான் செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இடம் வலம் என்ன என்று கேட்கலாம். முகப்பு விளக்கில் இருக்கிறது அது. எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்கவும், சாலை ஓரம் நன்கு தெரியவும், விளக்கின் கண்ணாடியில் உள்ள வரிகள் ஒளியை ஓரப்பக்கம் சற்று உயர்த்தியும், எதிர்ப்பக்கம் தாழ்த்தியும் ஒதுக்கிவிடும். இடப்பக்கச் சாலைக்கென்று அமைந்த விளக்கை வலப்பக்கச் சாலையில் எரியவிட்டால், அது எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஒளிவிலகல் பாடத்தில் நாம் படித்த முப்பட்டகம்தான் இங்கே கண்ணாடிக்குள் வரி வரியாக உட்கார்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கோ ஜெர்மனிக்கோ போவதாக இருந்தால் இந்தத் தொல்லை உண்டு. இங்கிலாந்துக்கு இல்லை. வேகமானி மட்டும் அங்கே மைலில் காட்ட வேண்டும்.

வண்டியின் வயதும் அவளுக்கு உதவியது. புதிய வண்டியை இங்கிலாந்துக்குக் கொண்டு போனால், அது அந்நாட்டு அளவுகோலுக்குப் பொருந்துகிறதா என்று தனிச் சோதனை செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்தச் சோதனை இல்லை. நாற்பது ஆண்டுகளைக் கடந்து பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டி ‘வரலாற்று வாகனம்’ என்ற மரியாதையைப் பெறுகிறது. அதற்குச் சாலைவரி இல்லை. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய தகுதிச் சோதனையும் கட்டாயம் இல்லை. நம் ஊரிலோ பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும். இங்கே கிழவிக்கு அபராதம். அங்கே கிழவிக்குப் பொன்னாடை! ஆனால் வயதை வாய்ச்சொல்லால் நிறுவ முடியாது. எந்த ஆண்டில் தயாரானது என்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாத வண்டிக்குக் ‘க்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் கொடுத்துத் தனியே நிறுத்திவிடுவார்கள்.

நாடு மாறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும் என்பதையும் நண்பர்கள் அறிய வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதானால் வண்டி கப்பலேறும் முன்பே அந்நாட்டு அரசின் இறக்குமதி ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். சக்கரத்து மட்கார்டின் அடியில் ஒரு பிடி மண்ணோ, ஒரு புல்விதையோ ஒட்டியிருந்தால் அங்கே நிறுத்திவிடுவார்கள். பழைய பிரேக் கட்டைகளிலும் கேஸ்கட்டுகளிலும் கல்நார் இருக்கக் கூடும் என்பதால், 2003 இறுதியிலிருந்து கல்நாரைத் தடைசெய்துள்ள அந்நாட்டில் அதற்கும் சோதனை உண்டு. அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத வண்டி 25 ஆண்டு பழமை அடைந்தால்தான் தடையின்றி நுழையலாம். சிங்கப்பூரில் வண்டி விலை ஒரு பக்கம் இருக்க, பத்தாண்டு ஓட்டும் உரிமைச் சான்றிதழையே ஏலத்தில் எடுக்க வேண்டும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கான அந்த ஏலத்தொகை பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டியது. நமக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு நாட்டுக்கு வண்டி அனுப்பினார் என்பதை வைத்து வேறொரு நாட்டுக்கு அனுப்பத் துணிவது, ஒருவர் மருந்துச்சீட்டில் இன்னொருவர் மருந்து வாங்குவதைப் போன்றது.

இனி என் பத்திக்கு வருகிறேன். முதலில் கூலிக்கணக்கு. கப்பலில் எடை பெரும்பாலும் பொருட்டல்ல, இடம்தான் பொருட்டு. ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, இரண்டில் எது மிகுதியோ அதற்குக் கூலி என்பது சில்லறைச் சரக்கின் வழக்கம். புல்லட்டை அப்படியே நிறுத்திப் பெட்டி செய்தால் நீளம் 2.2 மீட்டர், அகலம் 0.9, உயரம் 1.2, அதாவது ஏறத்தாழ 2.4 கன மீட்டர். முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றி ஒடுக்கினால் 1.9, 0.6, 1.1 என்று சுருங்கி 1.25 கன மீட்டராகும். கூலி பாதியாகக் குறையும். “கழட்டுறது எனக்குப் பெரிய வேலையில்ல” என்றார் அப்பா. ஆனால் அதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

பெட்டி செய்வதும் நாம் நினைப்பது போல் அல்ல. பட்டறைக்குப் பின்னால் கிடந்த வேப்பம் பலகையில் பெட்டி அடித்துவிடலாம் என்று அம்மா சொன்னார். கப்பலேறும் மரத்துக்குப் பன்னாட்டு விதி உண்டு. மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். அதற்கான முத்திரை பெட்டியில் குத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாட்டின் மரப்பூச்சி இன்னொரு நாட்டின் காட்டை அழித்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. மேலும் பெட்ரோல் வண்டி என்பது கப்பல் கணக்கில் ‘ஆபத்தான சரக்கு’, ஒன்பதாம் வகை. டேங்கை வடித்துக் காயவைத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

தூத்துக்குடி எங்களுக்குக் கூப்பிடு தொலைவு. அங்கிருந்து போகும் பெட்டகங்களில் பல, கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பல் மாறிச் செல்கின்றன. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதிலிருந்து, சூயஸ் வழியாகப் போக வேண்டிய கப்பல்கள் பல ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. எங்கோ நடக்கும் போர் கோவில்பட்டிப் புல்லட்டின் கூலியையும் நாளையும் கூட்டுகிறது! பெட்டி, லாரி, சுங்க முகவர், துறைமுகக் கட்டணம், கப்பல் கூலி, அக்கரையில் இறக்கும் செலவு எல்லாம் சேர்த்துச் சரக்கு முகவர் ஒருவர் எழுதிக் கொடுத்த தொகை 1,30,000 ரூபாய். வண்டிக்கு ஆன மொத்தச் செலவு 65,000. சரியாக இரண்டு மடங்கு. சுண்டைக்காயும் சுமைகூலியும் நோட்டில் அடுத்தடுத்த வரியில் வந்து உட்கார்ந்தன.

போய்ச் சேர்ந்த பிறகும் செலவு ஓயாது. நம் ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். அதன்பின் அந்நாட்டு உரிமம் வாங்கப் பயிற்சியும், எழுத்துத் தேர்வும், இரண்டு ஓட்டுத் தேர்வும் உண்டு. 350 சி.சி. என்பதால் சிறு வண்டிக்கான சலுகை கிடையாது. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாதிருக்கக் கல்லுப்பைத் தூவுகிறார்கள். உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது என்பது நாம் படித்த பாடம். அதே உப்பு இரும்பை அரிக்கும் என்பதும் நாம் படித்த பாடம்தான். கரிசல் மண்ணின் வெயிலில் நாற்பது ஆண்டு துருப்பிடிக்காமல் கிடந்த சேஸிஸ் அங்கே எத்தனை குளிர்காலம் தாங்கும்? அதுவும் மருத்துவமனை கொடுக்கும் ஒற்றை அறையில் தங்குபவளுக்கு வண்டியை நிறுத்தக் கூரை ஏது?

எல்லாவற்றுக்கும் மேலாக நான் எழுதிய வாதம் ஒன்று உண்டு. 1977 முதல் இங்கிருந்து போன புல்லட்டுகள் அங்கேயே பழைய வண்டிச் சந்தையில் விற்பனைக்குக் கிடைக்கும். அதே 346 சி.சி., அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதே வலப்பக்கக் கியர். 1,30,000 ரூபாய் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே ஒன்று வாங்கலாமே! அக்காள் அதைப் படித்துப் பார்த்தாள். தர்க்கத்தில் பிழை இல்லை என்று ஒப்புக்கொண்டாள். பிறகு பக்கத்துப் பத்தியில் இப்படி எழுதினாள்: ‘அதில் அப்பா கை படாது.’ அந்த வரிக்கு எதிராக என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை.

அம்மா மட்டும் முதல் நாளிலிருந்தே ‘அனுப்பிவிடு’ கட்சி. காரணம் அக்காள் மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன். “இங்க கெடந்தா இவன் எடுத்துக்கிட்டு நாலுவழிச் சாலையில பறப்பான். ஒரு புள்ளையாவது என் கண்ணு முன்னால முழுசா இருக்கட்டும்” என்றார். அன்றுதான் இரண்டு பத்திகளுக்கும் வெளியே மூன்றாவது பத்தி ஒன்று உண்டு என்பது எனக்கு விளங்கியது.

ஆனால் வழக்கின் உண்மையான முடிச்சு பணத்திலும் இல்லை, உப்பிலும் இல்லை. ஒரு விண்ணப்பத்தில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தால் சுங்கவரியும் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. குடிபெயர்ந்து வருபவருக்கு மட்டும் இந்த வரிகளிலிருந்து விலக்குத் தருகிறார்கள். அதற்கு நிபந்தனைகள்: வருபவர் குறைந்தது 12 மாதம் அந்நாட்டுக்கு வெளியே குடியிருந்திருக்க வேண்டும், பொருள் ஆறு மாதமாவது அவர் உடைமையாகவும் பயன்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும், வந்த பின் 12 மாதம்வரை விற்கவோ, வாடகைக்கு விடவோ கூடாது. அந்த விண்ணப்பத்தை நான் தமிழில் படித்துச் சொல்ல, அப்பாவும் அம்மாவும் அக்காளும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

“நிலையான குடியிருப்பை இந்நாட்டுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா?” என்று படித்தேன்.

“அப்டின்னா?” என்று அப்பா கேட்டார்.

“இனிமே வீடு அங்கதான்னு எழுதிக் கொடுக்கணும்பா.”

அப்பா அக்காளைப் பார்த்தார். அக்காள் வண்டியைப் பார்த்தாள். அவள் மூன்று ஆண்டுக்கு என்று சொல்லித்தான் வேலையை ஒத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்ன என்பதை வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற கேள்வி வண்டி போகுமா என்பதல்ல. இவள் திரும்பி வருவாளா என்பது. நான்கு மாதங்களாக நாங்கள் கன மீட்டரிலும் ரூபாயிலும் அளந்து கொண்டிருந்தது அதைத்தான். போன வண்டி திரும்புவதும் எளிதன்று. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வாகனத்தை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்பது பொது விதி. வண்டிக்கு அது ஒருவழிப் பயணம். அவளுக்கும் அப்படித்தானோ என்று வாய்விட்டுக் கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை.

அடுத்த முடிச்சு பதிவுப் புத்தகம். ஐந்தாண்டு ஓட்டியவள் அக்காள். பெயர் இருந்ததோ அப்பாவுடையது. காப்பீடும் அவர் பெயரில். ‘ஆறு மாத உடைமை’ என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டுமானால் உடனே பெயர் மாற்ற வேண்டும். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30ஆம் எண் படிவங்களை ஆடி மாதமே வாங்கி வந்து பூர்த்தி செய்து அப்பாவின் மேசையில் வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் போட வேண்டும். ஆவணி போயிற்று; புரட்டாசி போயிற்று; ஐப்பசியும் போயிற்று. படிவத்தின் மேல் ஒரு ஸ்பார்க் பிளக்கைப் பாரமாக வைத்துவிட்டு, அதை நகர்த்தாமலே அப்பா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால், “இன்னைக்கு வேலை கெடக்கு” என்பார். நான் மீண்டும் கேட்கவில்லை. அக்காளும் கேட்கவில்லை.

கார்த்திகை தீபத்தன்று காலையில் அவரே அந்தப் படிவங்களை எடுத்து வந்து, “எங்க போடணும்?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்காள் புறப்பட இரண்டு மாதம்கூட இல்லை. ஆறு மாதக் கணக்கு எப்போதோ கைநழுவிப் போயிருந்தது. அது அவருக்குத் தெரியும். நான்தானே படித்துச் சொன்னேன்! “வண்டி பாப்பா பேர்ல இருக்கட்டும். அவ வண்டி இங்க நிக்கட்டும். வரி வந்தா நான் கட்டிக்கிறேன்” என்றார். நோட்டுப் புத்தகத்தை நான் மூடிவிட்டேன்.

அன்று மாலை அக்காள் விளக்கேற்றிக்கொண்டே என்னிடம் சிரித்தாள். “பாத்தியாடா, வண்டிய என் பேருக்கு எழுதி வெச்சு, என்னைய வண்டில கட்டிப் போட்டுட்டாரு.” சிரித்தாளே தவிர, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

நண்பர்களே! நம் கல்லூரியிலிருந்தும் நாளை பலர் கடல் கடக்கக் கூடும். எங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து நான் தேர்ந்தெடுத்த நான்கு கேள்விகளை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வண்டி உங்கள் பெயரில், காகிதத்தில், போதிய காலமாக இருக்கிறதா? போகும் நாட்டின் சட்டம் அந்த வண்டியை, அந்த வயதில், உள்ளே விடுமா? அங்கே அது பழுதானால் உங்கள் கையாலேயே பார்க்கத் தெரியுமா? போன இடத்திலேயே நிலைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? நான்குக்கும் தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால், கூலி இரண்டு மடங்கானாலும் அனுப்புங்கள். ஒன்றுக்காவது தயக்கம் வந்தால் வண்டி வீட்டில் நிற்கட்டும். முதல் மூன்றுக்கும் விடை அலுவலகத்திலும் பட்டறையிலும் கிடைக்கும். நான்காவதை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டார் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கூலிக் கணக்குப் போடுவதற்கு முன்பே அதைப் பேசிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

அக்காள் இப்போது அங்கே பேருந்தில் பணிக்குப் போகிறாள். அம்மா அஞ்சியபடி நான் நாலுவழிச் சாலையில் பறக்கவில்லை. வண்டி என்னுடையதும் அல்ல. சும்மா நிற்கும் வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசின் போல் உறைந்துவிடும், பாட்டரி இறங்கிவிடும் என்பதால், வாரம் ஒரு முறை கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, செண்பகவல்லி அம்மன் கோவில்வரை போய்த் திரும்புவது என் வேலை. அந்தப் பத்து நிமிடமும் அப்பா கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, பட்டறை வாசலில் நின்று சத்தத்தைக் கேட்பார். “டாப்பெட்டு கொஞ்சம் சத்தம் போடுது. அவ வரும்போது பாத்துக்கலாம்” என்பார்.